கோமுவுக்கு நூறு மில்லி

எங்கள் வீட்டுப் புறவாசலில் துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு இரும்பு வாளி எப்போதும் நிறைந்து கிடக்கும். 2022 சித்திரையில் எங்கள் பூனை கோமு அந்த வாளியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி நின்றுகொண்டு, மூச்சுவிடாமல் தண்ணீர் குடிப்பாள். அம்மா அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாள். "பாத்தியளா, வெயிலுக்கு எப்படி சமத்தாத் தண்ணி குடிக்கா!" பாளையங்கோட்டை வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவளுடைய நோய் எங்கள் கண்ணெதிரே வாளியில் ஏறி நின்றது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கோமு வந்தது 2011 ஆடித்தபசு அன்று. அம்மா சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது தார்சாவில் மூன்று நிறத்தில் ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. கோமதியம்மனைப் பார்த்துவிட்டு வந்த கையோடு கிடைத்ததால் கோமதி என்று பேர் விழுந்தது. கூப்பிடுவது கோமு. பதினோரு வருஷம் ஒரு தும்மல்கூட இல்லாமல் வளர்ந்தவள்.

தண்ணீருக்குப் பிறகு மணல். ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஆற்று மணல் போட்டு வைத்திருப்போம். அவள் ஒன்றுக்கிருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மணல் நனைந்திருக்கும். அது சாத்துக்குடி அளவு ஆனது. அப்புறம் வாந்தி. பக்கத்தில் இருக்கிற ஒரு கிளினிக்கில் காட்டினோம். முடி வாந்தியாக இருக்கும் என்று குடற்புழு மருந்து கொடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. இப்படியே இரண்டு மாதம் போயிற்று. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நான் அங்கே வாந்தியை மட்டும்தான் சொன்னேன். தண்ணீரையும் மணலையும் சொல்லவில்லை. வாய் பேசாத ஜீவனுக்காக டாக்டரிடம் போகும்போது நமக்கு முக்கியம் என்று படுகிறதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்லக்கூடாது. குடிக்கிறது, பெய்கிறது, தின்கிறது, தூங்குகிறது எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடவேண்டும்.

எனக்குப் பொறி தட்டியது தராசில். டவுனில் ஒரு அரிசி மண்டியில் நான் கணக்கு எழுதுகிறேன். ஒருநாள் கோமுவைத் தூக்கும்போது கை லேசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கட்டைப்பையில் வைத்து மண்டிக்குக் கொண்டுபோய், சில்லறை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். மூன்று கிலோ முந்நூற்றைம்பது. கருத்தடை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சீட்டில் நாலு கிலோ இருநூறு என்று இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு ஆள் காணாமல் போயிருக்கிறாள். மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் ஊரைக் கூட்டுகிற நான் இதைக் கவனிக்கவில்லை. ரோமம் அடர்த்தியாக இருப்பதால் பூனை மெலிவது கண்ணுக்குத் தெரியாது. முதுகெலும்பை விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

இராமையன்பட்டியில் இருக்கிற அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். 2012இல் தொடங்கிய கல்லூரி. ஆடு மாட்டுக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன், பூனைக்கும் பார்க்கிறார்கள். ரத்தம், சிறுநீர் இரண்டும் எடுத்தார்கள். சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 3.4. பாஸ்பரஸும் கூடியிருந்தது. சிறுநீர் ஏறக்குறைய பச்சைத் தண்ணீர் மாதிரி, அடர்த்தியே இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோய், நான்கு கட்டத்தில் மூன்றாவது என்றார் டாக்டர். கிரியேட்டினின் 2.9இலிருந்து 5 வரை மூன்றாம் கட்டம். அவர் சொன்ன இன்னொன்று என்னை உலுக்கியது. சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை நின்றுபோன பிறகுதான் கிரியேட்டினின் ஏறுகிறது. மிச்சம் இருக்கிற கால் பங்கை வைத்துத்தான் அவள் வாளியில் ஏறி நின்றாள்.

அம்மா விடவில்லை. "அவ நெறையத் தண்ணி குடிக்காளே, அப்புறம் எப்படி கிட்னி கெடும்?" என்று கேட்டாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "குடிக்கிறதால வெளியே போகலைம்மா. வெளியே போறதால குடிக்கிறா." சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற மாதிரி அவளும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆனாலும் உடம்பு வறண்டுகொண்டேதான் வந்தது. பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் கூடாரம் மாதிரி அப்படியே நின்று, மெதுவாகத்தான் கீழே இறங்கியது.

குணப்படுத்த முடியாது, ஆனால் வருஷக்கணக்கில் நன்றாக வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்படி வைத்துக்கொள்ள முதல் வேலை, வீட்டிலேயே டிரிப் ஏற்றுவது.

ஆர்.எல். என்று சொல்கிற ரிங்கர் லாக்டேட் பாட்டில், டிரிப் செட், இருபதாம் நம்பர் ஊசி. இதைக் கேட்டு மருந்துக்கடைக்குப் போனால் அண்ணாச்சி, "யாருக்கும்மா முடியல, அம்மாவுக்கா?" என்று பதறினார். வீட்டில் ஒருத்திக்கு என்றேன். பூனை என்று தெரிந்தபிறகு ஒரு மாதம் அந்தக் கடையில் எனக்குப் பேரே பூனையக்காதான். பக்கத்து வீட்டுப் பெரியம்மை மட்டும், "மனுசனுக்கே ஏத்த நாதியில்ல, பூனைக்கு டிரிப்பு ஏத்துதியளோ?" என்றாள். பதில் சொல்லவில்லை. பின்னாளில் நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் கோமுவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அந்தப் பெரியம்மைதான்.

இந்த டிரிப் மனிதர்களுக்குப் போடுகிற மாதிரி நரம்பில் ஏற்றுவதில்லை. தோலுக்கும் சதைக்கும் நடுவே. பூனைக்கு இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் தோல் தளர்ந்து இருக்கும். அதை இரண்டு விரலால் கூம்பாகத் தூக்கி, கூம்பின் அடிவாரத்தில் ஊசியைச் செலுத்தவேண்டும். ஊசி முனையின் சரிந்த பக்கம் மேலே பார்க்கவேண்டும். கல்லூரியில் இரண்டு தடவை என் கையால் போடவைத்துப் பழக்கினார்கள். வீட்டில் முதல்நாள் கை நடுங்கி, ஊசி அந்தப் பக்கத் தோலையும் துளைத்து வெளியே வந்துவிட்டது. நூறு மில்லியில் பாதி என் சேலைக்குப் போயிற்று. கோமு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பிறகு பழகிக்கொண்டது இவ்வளவு. பட்டாசலில் ஊஞ்சல் கொக்கியில் பாட்டிலைத் தொங்கவிடுவேன். உயரமாக இருந்தால் வேகமாக இறங்கும், சீக்கிரம் முடியும். பாட்டிலில் ஐம்பது ஐம்பது மில்லிக்குப் பேனாவால் கோடு போட்டிருப்பேன், அவள் திமிறும்போது சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. ஒருமுறை குத்திய ஊசி மழுங்கிவிடும், மறுபடி குத்தினால் வலிக்கும், சீழும் பிடிக்கலாம். மழைநாளில் பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் வைத்து, இரண்டு சொட்டு என் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பேன். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. சித்திரை வைகாசியில் அந்த வேலையே வேண்டாம், அக்கினி வெயில் பார்த்துக்கொள்ளும். திறந்த பாட்டிலை ஒரு வாரத்துக்கு மேல் வைக்கவேண்டாம் என்றார் டாக்டர். கலங்கினாலோ உள்ளே ஏதாவது மிதந்தாலோ அன்றைக்கே கொட்டிவிடுவது. பழைய ஊசிகளைக் குப்பையில் போடமாட்டேன். ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுத்துவிடுவேன், காலையில் குப்பை எடுக்க வருகிறவர்கள் வெறுங்கையால் பிரிக்கிறார்கள்.

ஏற்றி முடித்ததும் முதுகில் கோழிமுட்டை மாதிரி ஒரு புடைப்பு நிற்கும். கொஞ்ச நேரத்தில் அது ஒரு பக்கமாக முன்னங்காலுக்கு இறங்கிவிடும். முதல் தடவை பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டேன். அது அப்படித்தான், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். பயப்படவேண்டியது வேறு இடத்தில். கூடுதலாக ஏற்றினால் நெஞ்சில் நீர் கோத்துவிடும், இதயம் பலவீனமான பூனைக்கு ஆபத்து. அதனால் அவள் அயர்ந்து தூங்கும்போது வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுவேன். நிமிஷத்துக்கு முப்பதுக்குக் கீழே இருக்கவேண்டும். கோமுவுக்கு இருபத்திரண்டு, இருபத்துநாலு. இதை அம்மா தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபம் மாதிரி எண்ணுவாள்.

ஒருநாள் கடையில் ஆர்.எல். தீர்ந்துவிட்டது. பையன் வேறொரு பாட்டிலை எடுத்துக்கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்றான். பாட்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து லேபிளைப் படித்தால் டி.என்.எஸ்., குளுக்கோஸ் கலந்தது. டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். தோலுக்கடியில் அதைப் போடவே கூடாது என்று உடனே பதில் வந்தது. அன்றிலிருந்து லேபிளை வாய்விட்டுப் படிக்காமல் ஊசியைத் தொடுவதில்லை.

டிரிப்பைவிடக் கஷ்டம் சாப்பாடு. இதில்தான் நான் நிறையத் தப்புச் செய்தேன்.

கோமு நெத்திலிக் கருவாட்டில் வளர்ந்தவள். தூத்துக்குடியிலிருந்து அத்தை வரும்போதெல்லாம் அவளுக்கென்று ஒரு பொட்டலம் வரும். சிறுநீரக நோய்க்கு உப்பு ஆகாது. அதோடு நெத்திலியை முள்ளோடு தின்கிறதால் பாஸ்பரஸ் மொத்தமும் உள்ளே போகும், கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. டாக்டர் சொன்ன அன்றைக்கே கருவாட்டை நிறுத்திவிட்டு, சென்னையிலிருந்து தம்பி அனுப்பிய சிறுநீரகத்துக்கான தீவனத்தைத் தட்டு நிறைய வைத்தேன். அவள் மோந்து பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுகிற மாதிரி தரையைச் சுரண்டிவிட்டுப் போனாள். "பசிச்சா தன்னால திங்கும், விடுட்டி" என்றாள் அம்மா. நானும் விட்டேன். ஒன்றரை நாள்.

பூனை விஷயத்தில் அந்தப் பேச்சு ஆபத்தானது. நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைந்து, அதுவே தனி நோயாக ஆளைக் கொண்டுபோய்விடும். "அவ திங்காத நல்ல சாப்பாட்டைவிட, திங்கிற சுமாரான சாப்பாடு மேல்" என்று டாக்டர் கோபமாகவே சொன்னார். குமட்டல் இருக்கிற நாளில் புதுத் தீவனத்தை அறிமுகம் செய்ததும் என் தப்பு. பூனை அந்த வாசனையையே வாந்தியோடு முடிச்சுப் போட்டு, அதை ஜென்மத்துக்கும் வெறுத்துவிடக்கூடும். முதலில் வாந்தியை நிறுத்த மருந்து. அவள் தெளிந்தபிறகு, பழைய சாப்பாட்டில் ஒரு ஸ்பூன் புதுசு. ஒரு வாரம் கழித்து இரண்டு. முழுக்க மாற ஏழு வாரம் ஆயிற்று. இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் முள் நீக்கி வேகவைத்து, தண்ணீரை வடித்த மீன் கொஞ்சம் உண்டு. வேகும்போது பாஸ்பரஸில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு நல்லது, மஞ்சள் கூடாது. அந்த மஞ்சள் எனக்கு.

பாஸ்பரஸைப் பிடித்து வைக்கிற மருந்து ஒன்று கொடுத்தார்கள். அதைச் சாப்பாட்டோடுதான் கலக்கவேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்துப் பிரயோசனம் இல்லை, அது பிடிக்கவேண்டியது சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பரஸைத்தான். வாசனை இல்லாததால் அதைக் கலக்க முடிந்தது. கசப்பு மருந்தை மட்டும் சாப்பாட்டில் ஒளித்துவிடாதீர்கள். மருந்தும் போகும், அந்தச் சாப்பாடும் போகும். கோமுவுக்கு மாத்திரை என்றால் முதுகுப்பக்கமிருந்து அணைத்து, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, நாக்கின் பின்பகுதியில் தள்ளிவிட்டு, உடனே சிரிஞ்சில் இரண்டு மில்லி தண்ணீர் மெதுவாக. வெறும் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும்.

பசிக்கு ஒரு மாத்திரை தந்தார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல்நாள் ராத்திரி முழுக்க வளவையே ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கத்தினாள். சாப்பிட்டாள் என்பதும் உண்மை. விடிந்ததும் அடுத்த வீட்டுக்காரர், "பூனைக்குப் பைத்தியம் பிடிச்சிட்டா?" என்று கேட்டார். டாக்டர் அளவைக் குறைத்தார், சத்தமும் குறைந்தது.

இரண்டாவது வருஷம் பிரஷர் வந்தது. சிறுநீரகம் கெட்ட பூனைகளுக்கு ரத்த அழுத்தம் ஏறுவது சகஜமாம். கவனிக்காவிட்டால் விழித்திரை பிய்ந்துகொண்டு ஒரே நாளில் கண் தெரியாமல் போய்விடும். குட்டிக் கைப்பட்டையை முன்னங்காலில் சுற்றி அளந்தார்கள், 190. மனிதர்கள் போடுகிற அம்லோடிபின் மாத்திரையில் 2.5 மில்லிகிராமைக் கால் துண்டாக வெட்டிக் கொடுக்கிறோம். அம்மாவும் அதேதான் போடுகிறாள், அவளுக்கு முழுசு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துவைப்பதில் அம்மாவுக்கு ஒரு தனித் திருப்தி.

இதைப் படித்துவிட்டு, மனித மருந்தெல்லாம் பூனைக்குக் கொடுக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடவேண்டாம். ஒருநாள் கோமுவுக்கு உடம்பு சுட்டது. பெரியம்மை பாசத்தோடு அரைப் பாரசிட்டமால் கொண்டுவந்து நின்றாள். அந்த மருந்தை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஒரே ஒரு மாத்திரை போதும், பூனை செத்துவிடும். நமக்கு வலிக்குப் போடுகிற மற்ற மாத்திரைகளும் சிறுநீரகத்தை இன்னும் கெடுத்துவிடும். பெரியம்மை கையிலிருந்து அதை வாங்கி எனக்குத் தலைவலி என்று நானே போட்டுக்கொண்டேன். அவளைப் புண்படுத்த மனசில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. அந்த மழையை எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை, கல்லூரியோ அந்தப் பக்கம். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் கரண்ட் இல்லை, கடை இல்லை, போனில் சிக்னல் இல்லை. பாட்டிலில் இருநூறு மில்லி மிச்சம். அதாவது இரண்டு நாள். நூறை எண்பதாக்கினேன், பிறகு அறுபது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அம்மா பிடித்துக்கொள்ள, நான் கோட்டைப் பார்த்து ஏற்றினேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. கோமுவின் வாளி மட்டும் முற்றத்து மழையில் நிறைந்து வழிந்தது, அதிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் எடுத்தோம். நாலாம் நாள் கடை திறந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். அதற்கப்புறம் ஐப்பசி பிறந்ததும் நாலு பாட்டில், ஒரு மாத மாத்திரை, ஒரு மூட்டை தீவனம் வீட்டில் இருக்கும். டாக்டரின் சீட்டை ஒரு தாளிலும் எழுதி மாத்திரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் இறங்கியதும் போயிற்று.

கணக்குக்காரி என்பதால் எல்லாவற்றையும் பழைய பேரேடு ஒன்றில் எழுதி வருகிறேன். எடை, டிரிப், சாப்பிட்டது, வாந்தி, வெளிக்குப் போனது. தண்ணீர் குறைந்த உடம்பில் மலச்சிக்கலும் வரும், இரண்டு நாள் போகவில்லை என்றால் சொல்லவேண்டும். இந்த ஏட்டில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், கிரியேட்டினின் பொய்யும் சொல்லும். 2024இல் ஒருதடவை 3.6இலிருந்து 3.1க்கு இறங்கியது. நான் லட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். டாக்டர் எடையைக் கேட்டார். அது இருநூறு கிராம் குறைந்திருந்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை கரைந்தால் அதுவும் குறையும், சிறுநீரகம் தேறியதாக அர்த்தமில்லை. வரவு கூடினால்தான் லாபம், சரக்கு குறைந்து கணக்கு நேரானால் அது லாபமா? மண்டியில் தெரிந்த விஷயம் வீட்டில் தெரியவில்லை. லட்டை நாங்களே தின்றோம்.

எந்த நாளில் நிறுத்துவது என்று டாக்டரிடம் ஒருதடவை கேட்டேன். அவளுக்குப் பிடித்த மூன்று காரியத்தை இப்போதே எழுதிவைக்கச் சொன்னார். எழுதியிருக்கிறேன்: வாளியில் ஏறி நிற்பது, மாலையில் அம்மா பூத் தொடுக்கும்போது நாரைப் பிடித்து இழுப்பது, தார்சாத் திண்ணையில் வெயில் காய்வது. மூன்றில் இரண்டு நின்றுபோனால் வந்து பேசச் சொன்னார். அந்தப் பக்கத்தைப் பேரேட்டில் மடித்து வைத்திருக்கிறேன்.

இப்போது 2025. அவளுக்குப் பதினாலு வயது. வாளியில் ஏறுவது கஷ்டமாக இருப்பதால் பக்கத்தில் ஒரு செங்கல் போட்டிருக்கிறோம், அதில் கால் வைத்து ஏறுகிறாள். இந்த ஞாயிறும் மண்டிக்குக் கொண்டுபோனேன். எடை போடுகிற தம்பி வழக்கம்போல் பில்லுச் சீட்டில் எழுதிக்கொடுத்தான்: கோமு, 3.040. போன வாரம் 3.060. இருபது கிராம் என்பது தராசின் ஆட்டமாகவும் இருக்கலாம், காலையில் அவள் ஒன்றுக்கிருந்ததாகவும் இருக்கலாம். ஏட்டில் ஏற்றிவிட்டேன்.